பன்னிரண்டு நடக்கிறதா, முடிந்ததா?

2024 ஜூலை. மகனுக்குப் பன்னிரண்டாவது பிறந்த நாள் கொண்டாடி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. வழக்கம்போல சாயங்காலம் நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் கார்டை வைத்தால் பச்சை விளக்கு எரியும். அன்றைக்குச் சிவப்பு எரிந்தது. இன்னொரு தடவை வைத்தான், அதே சிவப்பு. பின்னால் நான்கைந்து பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

மேசையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "தம்பிக்குச் சிறுவர் கார்டு முடிஞ்சிருச்சுக்கா. பெரியவங்க கட்டணம் கட்டணும்" என்றாள். ஏப்ரலில்தான் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டியிருந்தேன், அதெப்படி ஜூலையிலேயே முடியும் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். படிவத்தை எடுத்துப் பார்த்தவர், எல்லோர் முன்னாலும், "பையனுக்குப் பன்னிரண்டு ஆயிருச்சு, நீங்க சொல்லவே இல்லையே மேடம்?" என்றார்.

அந்தக் கேள்வியில் இருந்த குற்றச்சாட்டு எனக்குப் புரிந்ததைவிட என் மகனுக்கு நன்றாகப் புரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாம்மா, போயிரலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். அம்மா பணத்தை மிச்சம் பிடிக்க வயதை மறைத்துவிட்டாள் என்று அங்கே நின்ற பிள்ளைகள் நினைத்திருப்பார்களே என்பதுதான் அவனுக்கு. நான் எதையும் மறைக்கவில்லை. படிவத்தில் பிறந்த தேதியைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன், ஆதார் நகலும் கொடுத்திருந்தேன்.

நாங்கள் இருப்பது மதுரை திருநகர். பக்கத்தில் மாடக்குளம் கண்மாய், சுற்றிலும் இன்னும் பல கண்மாய்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிறைந்தால் பிள்ளைகள் இறங்காமல் இருக்க மாட்டார்கள். நீச்சல் தெரியாத பிள்ளையை இந்த ஊரில் வளர்க்க எனக்குப் பயம். அதனால்தான் வீட்டுச் செலவில் பிடித்து வைத்து அந்தக் கட்டணத்தைக் கட்டினேன். சிறுவருக்கு வருடம் 4,800 ரூபாய், பெரியவருக்கு 7,800. மூவாயிரம் ரூபாய் வித்தியாசம் எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை.

மறுநாள் தனியாகப் போனேன். கோபம் ஆறியிருந்தது, அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. வாசல் பலகையில் தமிழில், "சிறுவர் (12 வயது வரை)" என்று இருந்தது. படிவத்தின் பின்பக்கம் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. "12 வயது வரை" என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம் என்றுதான் நான் படித்தேன், பதிமூன்றாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள் வரைக்கும். "பன்னிரண்டுக்குக் கீழே" என்றால் பன்னிரண்டாவது பிறந்த நாள் அன்றைக்கே கதவு மூடிவிடுகிறது. ஒரு முழு வருடம் வித்தியாசம். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் இருந்தது, அதுதான் பெரியது. சேரும் நாளில் வயது சரியாக இருந்தால் அந்த வருடம் முழுக்கச் செல்லும் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார்கள். படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். "பொடி எழுத்தில் இருக்கிறதுக்கு நான் கட்டுப்படுறேன் சார், கையெழுத்து என்னோடது. ஆனால் வருஷச் சந்தா என்று வாங்கிக்கிட்டு நடுவில் நிறுத்துவோம்னு எங்கே எழுதியிருக்கு, காட்டுங்க" என்று கேட்டேன். அவர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு முழு மூவாயிரம் வேண்டாம், மீதியிருக்கும் ஒன்பது மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள் என்றார். 2,250 ரூபாய் கட்டினேன். அதுகூட நியாயமில்லை என்று என் கணவர் சொன்னார். எனக்குப் பிள்ளை மறுபடி தண்ணீரில் இறங்கினால் போதும் என்று இருந்தது. ரசீதில், "அடுத்த ஏப்ரல் வரை செல்லும்" என்று கையால் எழுதி வாங்கிக்கொண்டேன். வாய்வார்த்தையாக விட்டிருந்தால், அடுத்து ஆள் மாறியதும் மறுபடி வாசலில் நின்றிருப்போம்.

இதற்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். வயதை நாம் சொல்லும் விதமே கவுண்டரில் கேட்கும் விதத்தோடு ஒத்துப்போவதில்லை. நம் வீடுகளில், "பையனுக்கு எத்தனை வயசு?" என்று கேட்டால், "பன்னிரண்டு நடக்குது" என்போம். அதாவது பதினொன்று முடிந்து பன்னிரண்டாம் வருடத்தில் இருக்கிறான். என் மாமியார், "பன்னிரண்டு பிறந்திருச்சு" என்பார், அதற்கும் அதே பொருள்தான். ஆனால் சான்றிதழ்க் கணக்கில் அவனுக்கு வயது பதினொன்று. கவுண்டரில் ஒருவர், "பன்னிரண்டு நடக்குதுங்க" என்று உண்மையைச் சொல்லி, சலுகையில் வரவேண்டிய பிள்ளைக்கு முழுக் கட்டணம் கொடுத்துவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் நான் வயதைச் சொல்வதே இல்லை. பிறந்த தேதியைச் சொல்லிவிடுகிறேன். கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்.

பெரியவர்கள் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். என் மாமனாருக்கு 59 முடிந்து 60 பிறந்தபோது உக்ரரத சாந்தி செய்தோம். சொந்தக்காரர்கள் எல்லோரும் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினார்கள். மாமாவுக்குத் தான் அறுபது வயதுக்காரர் என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த மாதமே வைப்புத்தொகை போட வங்கிக்குப் போய், மூத்த குடிமக்களுக்கான கூடுதல் வட்டி கேட்டார். பிறந்த தேதியைப் பார்த்தவர்கள் இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சஷ்டியப்த பூர்த்தி என்று நாம் செய்வதுதான் அறுபது நிறைந்து அறுபத்தொன்று தொடங்கும்போது வருவது. வங்கியும் ரயில்வேயும் வருமான வரித்துறையும் கணக்கில் எடுப்பது அந்த 'பூர்த்தி'யைத்தான். பெயரிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. இதில் ஒரு விஷயம் முக்கியம். வைப்புத்தொகை போடும் நாளில் என்ன வயதோ அதற்கான வட்டிதான் பொதுவாக அதன் காலம் முடியும் வரை கிடைக்கும். நடுவில் அறுபது ஆனாலும் தானாகக் கூடாது. அதனால் பிறந்த நாள் கிட்டத்தில் இருந்தால் மொத்தப் பணத்தையும் மூன்று, ஐந்து வருடம் என்று கட்டிப் போடாமல், அதுவரைக்கும் குறுகிய காலத்துக்குப் போட்டு வைப்பது நல்லது. மாமா அப்படித்தான் செய்தார்.

என் அப்பா கதை நேர் எதிர். அவர் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவர். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அப்பா எப்படியோ எட்டித் தொட்டுவிட்டார். தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்டார். ஜாதகப்படி அப்பா அதற்குப் பத்து மாதம் கழித்துப் பிறந்தவர். வேலை, ஓய்வு, ஆதார், பான் எல்லாமே வாத்தியார் போட்ட தேதிதான். ஆனால் வீட்டில் எங்களுக்கு ஜாதகத் தேதிதான் மனசில். அவர் தினமும் போகும் வாசிப்பு மன்றத்தில் அறுபது நிறைந்தவர்களுக்குப் பாதிச் சந்தா. மணிவிழா முடியட்டும் என்று நாங்கள் காத்திருந்தோம். அதற்குள் ஆதார்ப்படி அவருக்கு அறுபது முடிந்து பத்து மாதம் ஓடிவிட்டது, ஒரு வருடச் சந்தாவை முழுதாகக் கட்டியிருந்தார். யாரும் தேடி வந்து, "உங்களுக்குப் பாதிதான் ஐயா" என்று சொல்ல மாட்டார்கள்.

இப்படி இரண்டு தேதி உள்ள பெரியவர்கள் மதுரை சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களுடைய ஆதாரை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஓய்வூதியப் புத்தகம், பான், ஆதார் மூன்றிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு தடவைதான் சாதாரணமாகத் திருத்த முடியும். அதனால் அவசரப்பட்டு ஜாதகத் தேதிக்கு மாற்றிவிட வேண்டாம், மற்ற ஆவணங்களோடு மோதும்.

ரயிலுக்கு வருகிறேன். அப்பா அறுபதுக்காகக் காத்திருந்ததே பாதி ரயிலுக்காகத்தான். ஆண்களுக்கு 60 வயதில் நாற்பது சதவீதம், பெண்களுக்கு 58 வயதிலேயே ஐம்பது சதவீதம் என்று கட்டணத்தில் கழிவு இருந்தது. கொரோனா சமயத்தில், 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். அப்பாவுக்கு அறுபது முடிந்தது 2021இல். ஒரு வருடத்தில் தவறிப்போனது. இன்றைக்கும் பலர் அந்தக் கழிவு இருப்பதாக நினைத்துக்கொண்டு கவுண்டரில் கேட்கிறார்கள்.

கழிவுதான் போனது, கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. இதில் ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45. ஆமாம், நாற்பத்தைந்துதான். பழைய கட்டணக் கழிவுக்கு ஒரு வயது, கீழ்ப்படுக்கைக்கு இன்னொரு வயது. ஒரே ரயில்வேயில் ஒரே பெண்ணுக்கு இரண்டு எல்லை. இது தெரியாமல் என் அம்மா ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் வலியோடு நடுப்படுக்கையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

2023 மே மாதம் சென்னையில் ஒரு கல்யாணம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஐந்து பேருக்கும் ஒரே டிக்கெட்டாக முன்பதிவு செய்தேன். ஒன்றாக இருக்கலாமே என்று. அங்கேதான் இரண்டு தவறு செய்தேன். கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு தகுதியுள்ளவர் தனியாகவோ, இரண்டு பேராகவோ பதிவு செய்யும்போதுதான் வேலை செய்யும். கும்பலோடு சேர்த்துப் போட்டால் அது பார்ப்பதில்லை. அப்பா அம்மா இருவருக்கும் தனி டிக்கெட்டாக, மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் போட்டிருக்க வேண்டும். போடாததால் அம்மாவுக்கு மேல்படுக்கை வந்தது. திண்டுக்கல் தாண்டும் வரை பெட்டியில் ஒவ்வொருவராகக் கேட்டு மாற்றிக்கொடுத்தேன்.

இரண்டாவது, மகனுக்கு அரை டிக்கெட் எடுத்தது. அவனுக்கு அப்போது பத்து முடிந்திருந்தது. ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்கு அரைக் கட்டணம் என்பது சரிதான். ஆனால் 2016 ஏப்ரலில் இருந்து அரைக் கட்டணத்துக்குப் படுக்கை கிடையாது. படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் கட்ட வேண்டும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அரை டிக்கெட்டுக்குத் தனிப் படுக்கை கிடைத்தது, அந்த நினைப்பிலேயே முன்பதிவில் அரைக் கட்டணம் என்ற கட்டத்தைத் தட்டிவிட்டேன். வளர்ந்த பையனும் நானும் ஒரே படுக்கையில். விழுப்புரம் வரைக்கும் நான் உட்கார்ந்தே வந்தேன். காசு மிச்சமானதே தவிர, கல்யாண வீட்டில் கண் திறக்க முடியவில்லை. கைக்குழந்தை, மடியில் உட்காரும் பிள்ளை என்றால் படுக்கை இல்லாமல் சமாளிக்கலாம். ஏழெட்டு வயதுக்கு மேல் இரவுப் பயணத்துக்கு முழுக் கட்டணம் கட்டிவிடுவதே மேல் என்பது என் எண்ணம்.

பஸ்ஸில் எங்கள் அம்மா இதற்கு மாறாகப் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகளுக்கு நான்கு வயது இருக்கும்போது உசிலம்பட்டிக்குக் கூட்டிப் போவார். ஏறியதும், "ஒண்ணரை கொடுங்க" என்பார். நடத்துநரும் ஒன்றரை கொடுத்துவிடுவார். அம்மா கணக்கில் மூன்று வயது தாண்டினால் அரை டிக்கெட். முன்பு அப்படித்தான் இருந்தது. 2022இல் அரசுப் பேருந்துகளில் அதை ஐந்து வயதாக உயர்த்திவிட்டார்கள். ஒரு நாள் நடத்துநர் ஒருவர் அவராகவே, "பாப்பாவுக்கு எத்தனை வயசும்மா?" என்று கேட்டு, நான்கு என்றதும் அரை டிக்கெட்டைக் கிழிக்காமல் விட்டார். வீட்டுக்கு வந்து அதை ஒரு அதிசயம்போலச் சொன்னார் அம்மா. பெரியார் நிலையத்துக்குப் போகும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு எந்த வயதிலும் கட்டணம் இல்லை, அங்கே இந்தக் கேள்வியே எழாது. வெளியூர்ப் பேருந்தில்தான் பார்க்க வேண்டும்.

விமானத்தில் இரண்டு வயதுதான் எல்லை. பயணம் செய்யும் நாளில் என்ன வயது என்று பார்ப்பார்கள், டிக்கெட் எடுத்த நாளில் இல்லை. என் நாத்தனார் குழந்தையோடு மதுரைக்கு வந்தபோது வரும்போது மடியில் வைத்து வந்தார். இங்கே இரண்டாவது பிறந்த நாளைக் கொண்டாடினோம். திரும்பும்போது குழந்தைக்குத் தனி இருக்கை எடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளை, முன்பே கேட்டு வைத்திருந்தார்.

பொழுதுபோக்குப் பூங்காக்களில் சிலவற்றில் வயதே கணக்கில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வாசலில் சுவரில் கோடு போட்டிருக்கும். எங்கள் பையன் வயதுக்கு மீறின உயரம். ஆதாரை நீட்டினால் அங்கே பயனில்லை. கோபித்துக்கொள்ளவும் முடியாது, விதி அது. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே சுவரில் நிறுத்தி அளந்துவிட்டுப் போனால் கையில் எவ்வளவு பணம் வேண்டும் என்று தெரியும்.

ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். நான் சின்ன வயதில் பஸ்ஸில் போகும்போது, "கேட்டா பதினொண்ணுன்னு சொல்லு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த வயதில் நடத்துநர் பக்கத்தில் வர வர வயிற்றைப் பிசையும். அரை டிக்கெட் மிச்சத்துக்காக அந்தப் பயத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது தப்பு என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். குளத்து வாசலில் என் மகன் முகம் சிறுத்து நின்றபோது அந்தப் பழைய பயம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதனால்தான் மறுநாள் போய்ப் பேசி, விதியையும் ரசீதையும் அவனிடம் காட்டி, "நாம மறைக்கல, அவங்க எழுதினது சரியா இல்ல" என்று விளக்கினேன். அவன் படித்துப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி குளத்துக்கு வந்தான்.

இப்போது எங்கே சந்தா கட்டினாலும் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறேன். நீங்கள் சொல்லும் வயது நிறைந்த வயதா, நடக்கும் வயதா? எந்த நாளில் பார்ப்பீர்கள், சேரும் நாளிலா, தினமுமா? எந்த ஆவணத்தில் உள்ள தேதி? பதிலை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பச் சொல்கிறேன். முகம் சுளித்தவர் யாரும் இல்லை. வீட்டில் எல்லோருடைய ஆதாரையும் கைபேசியில் டிஜிலாக்கரில் வைத்திருக்கிறேன். சமையலறை நாள்காட்டியில் மகளின் பிறந்த நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே ஒரு குறி போட்டுவைத்திருக்கிறேன், அந்த வருடம் எந்தச் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும், எதை மாதக் கணக்கில் கட்ட வேண்டும் என்று பார்ப்பதற்காக.

அந்தக் குளத்துப் பலகை மாறிவிட்டது. "சிறுவர் (12 வயது நிறைவடையாதவர்)" என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே, நடுவில் பிறந்த நாள் வந்தால் மீதி மாதங்களுக்கு வித்தியாசத் தொகை என்றும் சேர்த்திருக்கிறார்கள். மேலாளர் என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன காலாண்டு விடுமுறையில் திருப்பத்தூர் வழியாகத் திருமயம் கோட்டைக்குப் போனோம். நம்ம திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் சிறுவர் டிக்கெட் எடுப்போமே, அந்த நினைப்பில் நான் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். மகால் மாநிலத் தொல்லியல் துறையுடையது, திருமயம் மத்தியத் தொல்லியல் துறையுடையது. இரண்டுக்கும் விதி வேறு. கவுண்டரில் இருந்தவர் மகனைப் பார்த்து வயதைக் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்னால் அவனே, "பதிமூணு முடிஞ்சு பதினாலு நடக்குதுண்ணே" என்றான்.

"பதினஞ்சுக்குள்ள டிக்கெட் இல்ல தம்பி, போங்க."

இரண்டடி நடந்தவன் திரும்பி வந்து அவரிடமே கேட்டான். "பதினஞ்சு முடியுற வரைக்குமாண்ணே, பிறக்குற வரைக்குமா?"